நோய் காட்டாத கோழி
கால்நடை மருத்துவம் படிக்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

உங்கள் பயிற்சிக் காலம் முடியப்போகிறது. அடுத்து என்ன என்ற பேச்சு விடுதி அறைகளில் இந்நேரம் தொடங்கியிருக்கும். சென்னையிலோ கோவையிலோ நாய் பூனைகளுக்கு கிளினிக் வைக்கச் சிலர் நினைத்திருப்பீர்கள். கால்நடை உதவி மருத்துவர் தேர்வுக்குச் சிலர் படித்துக்கொண்டிருப்பீர்கள். தீவனக் கம்பெனி, மருந்துக் கம்பெனி, வங்கி வேலை, வெளிநாடு என்று மற்றவர்களுக்கும் ஒரு திட்டம் இருக்கும். எல்லாம் நல்ல வழிகள்தான். முதுநிலை படிக்க நினைப்பவர்களிடம் மட்டும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அறுவை சிகிச்சை, மருத்துவம், மகப்பேறு என்று பட்டியல் எழுதிக்கொண்டு போகும்போது, கால்நடைப் பொதுச் சுகாதாரத்தையும் நுண்ணுயிரியலையும் கடைசி வரிக்குத் தள்ளிவிடாதீர்கள். நன்றாகப் படிக்கிற, கையில் நேர்த்தியும் மனத்தில் பிடிவாதமும் உள்ள சிலராவது நோய் இல்லாத விலங்கை ஆராய வர வேண்டும். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாண்டுகளாக நாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நோயுற்ற விலங்கைப் பற்றி. தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை, கழிகிறது, முட்டை குறைந்துவிட்டது என்று யாரோ ஒருவர் வந்து சொல்வார். அங்கிருந்து உங்கள் வேலை தொடங்கும். உணவு வழியாக மனிதருக்குப் போகும் முக்கியமான கிருமிகள் சில இந்த முறைக்கு அகப்படாதவை. சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் தொற்றிய முட்டைக்கோழி வழக்கம்போல் முட்டையிடும். ஈ. கோலை ஓ157 சுமக்கும் மாடு நன்றாக அசை போடும். குடல் நிறைய கேம்பிலோபாக்டர் வைத்திருக்கும் கறிக்கோழி குறித்த நாளில் குறித்த எடைக்கு வந்துவிடும். புகார் சொல்ல விலங்குக்கும் ஒன்றுமில்லை, வளர்ப்பவருக்கும் ஒன்றுமில்லை. நோய் வருவது எங்கோ ஒரு சாப்பாட்டு மேசையில், நீங்கள் ஒருபோதும் சந்திக்காத ஒரு குழந்தைக்கோ முதியவருக்கோ.

முட்டைக்கோழியின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாடப்புத்தகத்தில் இனப்பெருக்கம் ஒரு தாளிலும் நுண்ணுயிரியல் இன்னொரு தாளிலும் இருப்பதால் இந்த இரண்டும் சேரும் இடம் பலருக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

தீவனத்தோடு உள்ளே போன என்டெரிடிடிஸ் குடற்சுவரைத் தாண்டுகிறது. தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளேயே பிழைத்துக் கிடந்து, கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. அங்கிருந்து சூலகத்தையும் கருமுட்டைக் குழாயையும் எட்டுகிறது. ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரம் ஆகும் என்று படித்திருப்பீர்கள். சூலகத்திலிருந்து மஞ்சள்கரு கழன்று விழுகிறது, குழாயின் அகன்ற பகுதியில் மூன்று மணி நேரம்போல் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்கிறது, பிறகு சவ்வு, பிறகு ஓட்டுப்பையில் ஏறத்தாழ இருபது மணி நேரம் சுண்ணாம்பு படிகிறது. கிருமி நுழைவது ஓடு மூடுவதற்கு முன். அப்படிப்பட்ட முட்டையை வெளியே எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. கீறல் இருக்காது, நாற்றம் இருக்காது, நிறமும் மாறாது.

இது தெரியவந்ததே பின்னால்தான். முட்டையில் சால்மோனெல்லா என்றால் ஓட்டில் ஒட்டிய எச்சமும் கீறல் வழி புகுந்த அழுக்கும்தான் காரணம் என்று வெகுகாலம் எண்ணினார்கள். கீறல் முட்டையை ஒதுக்கி, மற்றதைக் கழுவி விற்றால் போதும் என்பது அமெரிக்காவின் நம்பிக்கை. 1980களில் அந்நாட்டின் வடகிழக்கு மாநிலங்களில் என்டெரிடிடிஸ் நோயாளிகள் பெருகினார்கள். தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது சுத்தமான, கீறலற்ற, முதல்தர முட்டை. அந்த ஆய்வு 1988இல் வெளியானது. கோழியின் சூலகத்தைத் திறந்து பார்க்கும் ஆராய்ச்சிகள் சூடு பிடித்தது அதற்குப் பிறகுதான்.

வெள்ளைக்கருவின் காவல் அபாரமானது. அதில் உள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. லைசோசைம் பல பாக்டீரியாக்களின் சுவரைக் கரைக்கிறது. முட்டை இட்டபின் காரத்தன்மையும் ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட சில பத்து கிருமிகள் அங்கே பட்டினி கிடக்கும். அவற்றுக்கு வேண்டிய இரும்பும் உணவும் மஞ்சள்கருவில் உண்டு. இடையில் இருப்பது மெல்லிய மஞ்சள்கருச் சவ்வு. முட்டை பழசாக ஆக அந்தச் சவ்வு தளர்ந்து உள்ளே இருப்பது வெளியே கசியத் தொடங்குகிறது. பிரிட்டனில் டாம் ஹம்ஃப்ரீ குழுவினர் 20 டிகிரி வெப்பத்தில் வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்று வாரம் வரை கிருமி பெருகாமல் இருந்தது. அதன் பின் வேகம் பிடித்தது. வெப்பம் கூடினால் அந்த மூன்று வாரம் சுருங்கிவிடும். இனி நம் ஊரை நினைத்துப் பாருங்கள். சித்திரை மாதத்தில் நாமக்கல்லிலிருந்து லாரி ஏறி, வழியெல்லாம் வெயில் வாங்கி, ஒரு மளிகைக் கடையின் தகரக் கூரைக்கடியில் அட்டை அட்டையாக அடுக்கிவைத்த முட்டைக்குள் அந்தச் சவ்வு எத்தனை நாள் தாங்கும்? இதற்கான விடை லண்டனிலிருந்து வராது. நம் பண்ணைகளின் பி.வி. 300 கோழி இட்ட முட்டையை, நம் வெயிலில், நம் சாலையில் வைத்து இங்கே இருப்பவர்கள்தான் அளக்க வேண்டும்.

என்டெரிடிடிஸ் ஏன் 1980களில் திடீரென்று தலையெடுத்தது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே மீண்டும் ஆர்வம் பிறக்கும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோழிப்பண்ணைகளை அலைக்கழித்த சால்மோனெல்லாக்கள் வேறு இரண்டு: குஞ்சுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற புல்லோரம், வளர்ந்த கோழிகளைக் கொன்ற கல்லினேரம். இரண்டும் கோழிக்கே உரியவை. மனிதரை அநேகமாகத் தொடுவதில்லை. அமெரிக்கா 1935இல் தேசியக் கோழி மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தாய்க்கோழிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, தொற்றியவற்றை விலக்கி விலக்கி, 1970கள் வாக்கில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வணிகப் பண்ணைகளிலிருந்து இவை ஏறக்குறைய மறைந்துபோயின. கால்நடை மருத்துவத்தின் பெரிய வெற்றி அது. பிறகு என்டெரிடிடிஸ் வந்தது. 2000ஆம் ஆண்டில் பாய்ம்லர், ஹார்கிஸ், சோலிஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். கல்லினேரத்துக்கும் என்டெரிடிடிஸுக்கும் மேலுறையில் இருக்கும் முக்கிய அடையாளம் ஒன்றே. முன்னது பண்ணையில் உலவியவரை கோழிக்கூட்டத்துக்கு அதன்மீது இருந்த எதிர்ப்பு பின்னதையும் தடுத்துக்கொண்டிருந்தது. முன்னதை ஒழித்தபோது அந்த இடம் காலியாகி, எலிகளிடம் வாழ்ந்த என்டெரிடிடிஸ் உள்ளே வந்தது என்றார்கள். இது கருதுகோள்தான், முழுக்கதையும் இதுவே என்று எல்லோரும் ஏற்கவில்லை. இருந்தாலும் கோழியின் நோயை ஒழிப்பது மனிதரின் நோய்க்கு வாசல் திறக்கக்கூடும் என்ற கேள்வியை மனித மருத்துவமனையில் இருந்துகொண்டு யாராலும் கேட்டிருக்க முடியாது. நம் நாட்டுப் பண்ணைகளில் கல்லினேரம் இன்றும் இருக்கிறது. அதை நாம் ஒழிக்கத்தான் போகிறோம், ஒழிக்கவும் வேண்டும். அப்போது அந்த இடத்துக்கு எது வரும் என்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டாமா?

பின்லாந்தின் எஸ்கோ நுர்மி கேட்டது இன்னும் எளிமையான கேள்வி. 1971இல் அங்கே தீவனம் வழியாகக் கறிக்கோழிகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் பரவி மனிதருக்கும் வந்தது. பொரிப்பகத்துக் குஞ்சுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எளிதாகத் தொற்றுகிறது என்று அவர் யோசித்தார். நம் கொல்லையில் நாட்டுக்கோழிக் குஞ்சு தாயின் பின்னாலேயே ஓடி, தாயின் எச்சம் கலந்த மண்ணைக் கொத்தித் தின்று வளர்கிறது. பொரிப்பகக் குஞ்சு தாயைப் பார்ப்பதே கிடையாது. அதன் குடல் காலியாக இருக்கிறது. முதலில் வருவது எதுவோ அது குடியேறிவிடும். நுர்மியும் ரந்தாலாவும் வளர்ந்த ஆரோக்கியமான கோழியின் குடற்பொருளை ஒருநாள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகள் சால்மோனெல்லாவை எதிர்த்து நின்றன. 1973இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான். குடல் நுண்ணுயிர்கள் பற்றி இன்று உலகமே பேசுகிறது. ஒரு கால்நடை ஆய்வாளர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதைக் கோழிக்குஞ்சில் செய்து காட்டிவிட்டார்.

மாட்டுக்கு வருவோம். ஈ. கோலை ஓ157 மனிதருக்கு நோய் தருகிறது என்று முதலில் தெரிந்தது 1982இல், அமெரிக்காவின் ஒரேகன், மிச்சிகன் மாநிலங்களில் ஹாம்பர்கர் தின்றவர்களிடம். 1993இல் மேற்கு மாநிலங்களில் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். கிருமியின் நச்சு சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழித்துவிடுகிறது. அதே நச்சை வயிற்றில் சுமக்கும் மாட்டுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? அயோவாவில் 2000ஆம் ஆண்டில் விடை கிடைத்தது: நச்சு பற்றிக்கொள்ள வேண்டிய ஏற்பி மாட்டின் ரத்தக்குழாய்ச் சுவரில் இல்லை. அடுத்த கேள்வி, மாட்டுக்குள் அது எங்கே வாழ்கிறது என்பது. நான்கு அறை இரைப்பையையும் நீண்ட பெருங்குடலையும் பலரும் பல ஆண்டுகள் தேடினார்கள். 2003இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்த இடம் மலக்குடலின் முடிவில், ஆசனவாய்க்கு முந்தைய சில சென்டிமீட்டர். நிணத்திசு முடிச்சுகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு பட்டை. பசு வந்ததும் நீங்கள் வெப்பமானி செருகும் இடம் அது. சாணத்தை மட்டும் சோதிப்பதைவிட அந்தச் சவ்வைப் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதித்தால் கிருமி சுமக்கும் மாடு தெளிவாகத் தெரியும். மந்தையில் ஒரு சில மாடுகளே பெரும்பங்கு கிருமியை வெளியேற்றுகின்றன என்பதும் பின்னால் புலப்பட்டது. உடற்கூறு தெரிந்தவர்கள் தேடியதால் கிடைத்த பலன் இது.

கேம்பிலோபாக்டரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கோழியின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி. அந்தக் கிருமி மிக நன்றாக வளர்வதும் 42 டிகிரியில். கோழிக்குடல் அதற்குச் சொந்த வீடு. இந்தக் குடும்பத்துக் கிருமியை 1913இலேயே கருச்சிதைவுற்ற செம்மறியாடுகளில் மெக்ஃபேடியன், ஸ்டாக்மன் என்ற இரு கால்நடை மருத்துவர்கள் பார்த்து எழுதிவிட்டார்கள். மனிதரின் வயிற்றுப்போக்குக்கு அது முக்கியக் காரணம் என்று மனித மருத்துவம் உணர்வதற்குள் 1970கள் வந்துவிட்டன. இரண்டு துறைகளும் பேசிக்கொள்ளாமல் இருந்த அறுபது ஆண்டுகள் அவை.

இனி இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1988 டிசம்பரில் பிரிட்டனின் சுகாதாரத் துணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது. இரண்டு வாரத்தில் அவர் பதவி விலக நேர்ந்தது. சத்தம் அடங்கிய பிறகு உண்மையான வேலை நடந்தது. 1998இல் 'பிரிட்டிஷ் லயன்' முத்திரை பெறும் பண்ணைகள் எல்லாம் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்ற விதி வந்தது. எலிக்கட்டுப்பாடு, தீவனச் சுகாதாரம், குஞ்சிலிருந்து கடை வரை பதிவேடு என்று எல்லாமும் சேர்ந்தன. மனித நோயாளிகளின் எண்ணிக்கை தொடர்ந்து இறங்கியது. 2017இல் பிரிட்டனின் உணவுத் தரக் கழகம் அந்த முத்திரையுள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அரைவேக்காட்டில்கூடச் சாப்பிடலாம் என்று அறிவித்தது. ஒரு பீதியிலிருந்து அந்த அறிவிப்புக்கு வந்துசேர முப்பது ஆண்டுகள் ஆயின.

நம் ஊரில் அரைவேக்காட்டு முட்டை எவ்வளவு பேருக்குப் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரவு பரோட்டாக் கடைகளில் ஆஃப்பாயில் போகும் வேகத்தைப் பாருங்கள். கொங்கு நாட்டில் கலக்கி இல்லாத கடை உண்டா? வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. உடல் தேற வேண்டும் என்ற அக்கறையில் தருவது அது. இவர்களையெல்லாம் அறிவுரை சொல்லித் திருத்திவிடலாம் என்று நான் நம்பவில்லை. அந்த முட்டையைப் பாதுகாப்பானதாக ஆக்கித் தருவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளி மாணவி ஒருத்தி இறந்தாள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை விதித்தது. தடை தேவையானதே, நான் அதை ஆதரித்தேன். ஆனால் மயோனைசுக்குப் போகாத முட்டை ஆஃப்பாயில் தட்டுக்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் சோதனை கடையில் தொடங்கி, கடைக்காரரின் குளிர்பெட்டியோடு நின்றுவிடுகிறது. அந்த முட்டையும் இறைச்சியும் எந்தக் கொட்டகையிலிருந்து வந்தன, அந்தக் கொட்டகையின் கோழிகள் எதைச் சுமந்தன என்று பின்னோக்கி நடக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை. அந்த ஆட்களாக வாருங்கள் என்று அழைக்கிறேன்.

இதைப் படிக்கும் வேறு யாராவது முட்டையையே விலக்கிவிடுவார்களோ என்ற கவலையும் எனக்கு உண்டு. விலக்க வேண்டாம். வெள்ளையும் மஞ்சளும் இறுகும்வரை வெந்த முட்டையில் சால்மோனெல்லா பிழைக்காது. சத்துணவில் குழந்தைக்குக் கிடைக்கும் அவித்த முட்டை நம் மாநிலம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று.

பண்ணைக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அந்த வீடுகளிலிருந்தே வந்திருப்பீர்கள். முட்டை விலை காசுக் கணக்கில் ஏறி இறங்கும் தொழில் அது. மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறினால் அந்த மாதக் கணக்கே புரண்டுவிடும். அவரிடம் போய், உங்கள் கோழிக்கு நோய் இல்லை, இருந்தாலும் தடுப்பூசி போடுங்கள் என்றால் அவர் என்ன சொல்வார்? கனடாவில் இதுதான் நடந்தது. ஓ157க்கு எதிராக மாட்டுக்குப் போடும் தடுப்பூசியை அங்கே உருவாக்கி, 2008இல் உரிமமும் வழங்கினார்கள். நல்ல ஆராய்ச்சி. மாடு வளர்ப்பவர்கள் வாங்கவில்லை. தடுப்பூசி போட்ட மாடு கூடுதலாக ஒரு கிலோவும் எடை போடாது, கூடுதல் விலையும் பெறாது. செலவு ஒருவருடையது, பயன் இன்னொருவருடையது. சில ஆண்டுகளில் அந்தத் தடுப்பூசியின் தயாரிப்பே நின்றுபோனது.

ஸ்வீடன் இதை வேறு விதமாகக் கையாண்டது. 1953இல் அல்வெஸ்டா என்ற ஊரின் இறைச்சிக் கூடத்திலிருந்து பரவிய சால்மோனெல்லாவால் சுமார் 9,000 பேர் நோயுற்று, 90 பேர் வரை இறந்தார்கள். 1961இல் தொடங்கிய கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தீவன ஆலையிலிருந்தே சோதனை வைத்தார்கள். கிருமி கண்ட பண்ணைக்கு இழப்பீடும் வழங்கினார்கள். இழப்பீடு உண்டு என்று தெரிந்தால் விவசாயி மறைக்க மாட்டார். நீங்கள் ஆராய்ச்சிக்கு வந்தால் பெட்ரி தட்டோடு நின்றுவிடாதீர்கள். இந்தச் செலவை யார் ஏற்பது, எந்த வகையில் ஏற்பது என்ற கணக்கையும் போட்டு அரசு முன் வையுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் எந்தத் தடுப்பூசியும் கொட்டகைக்குள் போகாது.

கிருமி இருக்கிறது என்றவுடன் ஆன்டிபயாடிக் பக்கம் கை நீள்வது இயல்பு. அங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். நுர்மியின் குஞ்சுகளை நினைத்துக்கொள்ளுங்கள்: குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களை மருந்து அழித்தால், சால்மோனெல்லாவுக்குத்தான் இடம் கிடைக்கிறது. சுமக்கும் கோழியை அது முழுமையாகச் சுத்தம் செய்வதுமில்லை. 2015இல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். மனித மருத்துவத்தில் கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கோலிஸ்டினை முறியடிக்கும் மரபணு அது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019 ஜூலையில் இந்திய அரசு தடை செய்தது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் அதைக் கலக்கும் பழக்கம் நம் கோழிப்பண்ணைகளிலும் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

மருந்தைவிட எளிய இடங்களில் தடுப்பு கிடக்கிறது. எலி அவற்றில் முக்கியமானது. தொற்றிய எலியின் ஒரு புழுக்கையில் லட்சக்கணக்கில் கிருமி இருக்கலாம். அது தீவனத் தொட்டியில் விழுந்தால் வரிசை முழுதும் போய்ச்சேரும். கொட்டகையைக் கழுவிக் காயவைத்து அடுத்த தொகுதிக் கோழியை ஏற்றினாலும் எலி அங்கேயே காத்திருக்கும். தீவனம் அடுத்தது. 1970 வாக்கில் பெரு நாட்டு மீன்தூளில் வந்த சால்மோனெல்லா அகோனா அமெரிக்கா, பிரிட்டன், நெதர்லாந்து, இஸ்ரேல் என்று பல நாடுகளில் பரவியது. நாமும் தீவனத்தில் கருவாடும் மீன்தூளும் சேர்க்கிறோம். மூன்றாவது, முட்டை குறைந்த கோழியைப் பட்டினி போட்டு இறகு உதிரவைத்து மீண்டும் முட்டைக்குக் கொண்டுவரும் முறை. அமெரிக்க வேளாண் துறையில் பீட்டர் ஹோல்ட் நடத்திய ஆய்வுகள், அந்தப் பட்டினிக் காலத்தில் மிகக் குறைந்த கிருமியே கோழியைத் தொற்றும் என்றும், தொற்றிய கோழி மிக அதிகமாக வெளியேற்றும் என்றும் காட்டின. உயிருக்குச் செய்யும் கொடுமை என்பதற்காகவே அதைக் கைவிடலாம். உண்பவருக்கு வரும் ஆபத்து இன்னொரு காரணம்.

இந்த வேலை எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். கவர்ச்சியானது என்று சொல்ல மாட்டேன். காலணிமேல் துணியுறை மாட்டிக்கொண்டு கொட்டகையின் நீளம் முழுக்க நடப்பீர்கள். அந்த உறையே உங்கள் மாதிரி. ஆய்வகத்தில் முதல் நாள் அதை வெறும் பெப்டோன் நீரில் ஊறவைத்து, மயங்கிக் கிடக்கும் கிருமிக்குத் தெம்பு கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் மற்றவற்றை அடக்கிச் சால்மோனெல்லாவை மட்டும் வளர்க்கும் குழம்பு. மூன்றாம் நாள் எக்ஸ்.எல்.டி. தட்டு. அடுத்த நாள் காலை தட்டைத் திறக்கும்போது சிவந்த பரப்பில் நடுவில் கருத்த புள்ளிகள் தெரிந்தால், அது எந்த வகை என்று அறியும் வேலை தொடங்கும். சால்மோனெல்லாவில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கோழி எல்லா நாளும் கிருமியை வெளியேற்றாது என்பதால், ஒருமுறை ஒன்றும் கிடைக்காவிட்டால் கொட்டகை சுத்தம் என்று எழுதிவிட முடியாது. திரும்பத் திரும்பப் போக வேண்டும். பண்ணைக்காரர் உங்களை மறுபடி உள்ளே விட வேண்டும். அதற்கு அவர் உங்களை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைப் பெறுவது ஆய்வகத் திறமைக்குக் குறைந்ததில்லை.

கருவிகள் இப்போது நம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. ஒரு கிருமியின் மரபணு முழுவதையும் வாசித்து, கொட்டகையில் கிடைத்ததும் நோயாளியின் உடலில் கிடைத்ததும் ஒன்றுதானா என்று சொல்லிவிடலாம். டென்மார்க் 1995இலிருந்து விலங்கு, உணவு, மனிதர் மூன்றிலும் உள்ள மருந்து எதிர்ப்பை ஒரே திட்டத்தின்கீழ் கண்காணித்து வருகிறது. நம்மிடம் கால்நடை ஆய்வகம் ஒரு துறையின்கீழ், மருத்துவமனை ஆய்வகம் இன்னொரு துறையின்கீழ், உணவுப் பாதுகாப்பு வேறொரு அலுவலகத்தில். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே லட்சக்கணக்கில் கோழிகளும் இருக்கின்றன. இந்த ஆய்வைச் செய்ய இதைவிடப் பொருத்தமான ஊர் உலகில் எத்தனை இருக்கும்?

மீதமிருக்கும் பயிற்சி நாட்களில் சிலவற்றைச் செய்துபாருங்கள். பண்ணைப் பயிற்சிக்குப் போகும்போது செத்த கோழியோடு நல்ல கோழி ஒன்றின் குடலையும் சூலகத்தையும் கேட்டு வாங்கி வளர்ப்புக்குப் போடுங்கள். இறைச்சிக் கூடத்தில் நிற்கும்போது முத்திரை குத்துவதை மட்டும் பார்க்காமல், குடல் கிழிந்து எங்கே சிந்துகிறது என்று கவனியுங்கள். வயிற்றுப்போக்கு நோயாளிகளின் மாதிரிகளில் வளரும் சால்மோனெல்லாவை என்ன செய்கிறார்கள் என்று பக்கத்து மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் போய்க் கேளுங்கள். உங்கள் வயதுள்ள ஒருவர் அங்கும் இருப்பார். பேசி, இருவரும் சேர்ந்து ஒரு சிறு ஆய்வுக்குத் திட்டம் எழுதுங்கள். வழிகாட்ட ஆசிரியர் தேவைப்பட்டால் பொதுச் சுகாதாரத் துறையின் கதவைத் தட்டுங்கள். மாணவர் வரவில்லையே என்று அங்கே காத்திருப்பவர்கள் உண்டு. நானும் அப்படி ஒருவன். முதுநிலைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்குவதற்குள் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவன்